அம்மா விட்ட வட்டம்

மாங்காய்ப் பால் உதட்டில் பட்டால் முதலில் சுரீரென்று எரியும், மறுநாள் கறுக்கும், அதற்கும் மறுநாள் பொருக்குத் தட்டும். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது எனக்கும் அக்காவுக்கும் வாயோரத்தில் அந்தப் பொருக்கு இருக்கும், அதைப் பார்த்தே வாத்தியார் "மாமரத்து வூட்டுப் பசங்க வந்தாச்சு" என்பார்.

அஸ்தினாபுரத்தில் பழைய தோப்பு ஒன்றை மனை மனையாகப் பிரித்து விற்றபோது அப்பா வாங்கிய மனையில் அந்த மரம் நின்றது. மற்றவர்கள் வெட்டிவிட்டு வீடு கட்டினார்கள். மரத்தைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் அப்பா ஓர் அறையைக் குறைத்துக்கொண்டார். "ஒரு ரூம் போச்சே" என்று யாராவது இழுத்தால், "அதான் வெளியில பெரிய ரூமா ஒண்ணு இருக்கே" என்பாள் அம்மா. அது வெறும் பேச்சில்லை. அவள் அரிசி புடைத்தது, அப்பா ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்துக்கொண்டது, தாத்தா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது எல்லாம் அதன் அடியில்தான். அரிசி கழுவிய தண்ணீரை அம்மா வேறெங்கும் ஊற்றி நான் பார்த்ததில்லை.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் தெருவை உயர்த்தித் தார் போட்டார்கள். வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. மழைத் தண்ணீர் வாசல் தாண்டி வந்ததால், எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல அப்பாவும் இரண்டு லாரி "ரப்பீஸ்" அடித்தார், அதாவது இடித்த வீட்டுச் செங்கல் தூளும் மண்ணும். மரத்துக்கு முட்டி உயரம் மண் ஏறியது. அம்மா மட்டும் அடிமரத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, ஒரு வட்டம் மண் படாமல் விட்டு வைத்தாள். "அதுக்கும் மூச்சு விடணும் இல்ல" என்றாள்.

எனக்கோ ஷட்டில் ஆட இடம் வேண்டியிருந்தது. புதிதாக மட்டமாகியிருந்த தரையில் அந்தக் குழி ஒன்றுதான் இடைஞ்சல். வீட்டில் எல்லோரும் திருநீர்மலைக்குப் போன ஒரு சனிக்கிழமை, பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று தங்கிக்கொண்டு, செங்கல்லை எல்லாம் பிடுங்கிக் குளியலறைச் சுவரோரம் அடுக்கிவிட்டு வட்டத்தை மண் போட்டு நிரப்பினேன். திரும்பி வந்த அம்மாவிடம், "மழையில மண்ணு சரிஞ்சிடுச்சும்மா, இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவள் மரத்தைப் பார்த்தாள், சுவரோரம் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். மழை செங்கல்லை எங்கேயாவது அடுக்கி வைக்குமா? அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் பூ குறைந்தது. அதற்கடுத்த வருஷம் பூக்கவே இல்லை.

காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்கள் வழக்கம். ஒருவர் வெட்ட வருவார், இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்சுவார், மூன்று முறை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அரிவாளை ஓங்கினார். "இந்த வருஷமும் காய்க்கல. வெட்டிடப் போறேன்."

ஜன்னலிலிருந்து அக்கா சிரித்தாள். "அப்பா, கொஞ்சம் கோவமா சொல்லுங்க. ஆபீஸ்ல லீவு கேக்கற மாதிரியே இருக்கு."

"வேணாங்க, வர வருஷம் காய்க்கும், நான் ஜாமீன்" என்றாள் அம்மா. முதல் இரண்டு முறையும் அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூன்றாவது முறை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்பா சங்கடத்துடன் அரிவாளைக் கீழே வைத்தார்.

ஆடியில் இலையெல்லாம் காய்ந்துவிட்டது. மரம் பார்க்க வந்த ஆள் அடியில் கடப்பாரையால் தோண்டி, ஊறிப் புளித்துப்போன பட்டையைக் கையாலேயே உரித்தெடுத்தார். "இன்னா சார் இது? கழுத்து வரிக்கும் மண்ண போட்டு மூடிகினு, மரத்த போயி மெரட்டிகினு கீறீங்க. சுத்தி ஒரு வட்டம் உட்டிருந்தா பொழச்சிருக்கும்."

"விட்டிருந்தேனே" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அப்பா, "பாழாப்போன மழை" என்றார். அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை, அந்தத் திரும்பாததைத்தான் இத்தனை வருஷமாக என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

வெட்டிய மறுநாள் காலை அரிசி கழுவிய தண்ணீரோடு வாசலுக்கு வந்த அம்மா, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் பாத்திரத்துடன் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வீடும் இன்று இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடி, கீழே கார் நிறுத்துகிறார்கள். நாம் மேடவாக்கத்தில் லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நாலாவது மாடியில் இருக்கிறோம். அப்பா போய்விட்டார். அம்மா மட்டும் உங்கள் பாட்டியாக உள்ளறையில் இருக்கிறாள். அவளிடம் சொல்லப் பலமுறை போயிருக்கிறேன், மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அதனால்தான் பிள்ளைகளே, எழுத்துப் பழக்கம் இல்லாத நான் இதை எழுதினேன். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. உங்களில் ஒருவர் இதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.