பொய் சொல்லாத அக்கா

அந்த மூச்சுச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் நான்காவது மாடிப் படிக்கட்டு. சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். என் தோழியின் தலை என் மடியில் இருந்தது. குறட்டை போல ஒரு மூச்சு வரும், நிற்கும், அடுத்தது வருமா என்று நான் காத்திருப்பேன். எங்கள் இருவருக்கும் அப்போது பதினெட்டு வயது. கூட இருந்த இரண்டு பேர், தூங்கட்டும், சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

போனவர்களின் முகத்தைப் பார்த்துத்தான், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் பெண் மேலே ஏறி வந்திருக்க வேண்டும். குடியிலும் போதையிலும் சிக்கிய இளையர்களைத் தேடிப்போய்ப் பேசும் குழு ஒன்றில் அவருக்கு வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் பிளாக்கின் கீழே உட்கார்ந்திருப்பார். லிட்டில் இந்தியாவிலும் அவரைப் பார்த்திருக்கிறேன். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதல். அறிவுரை சொல்ல மாட்டார், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பார். அவர் போனதும் என் தோழி அவரைப் போலவே பேசிக் காட்டுவாள், நாங்கள் சிரிப்போம்.

வந்ததும் தோழியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஆம்புலன்சை அழைத்துக்கொண்டே, அவள் என்ன சாப்பிட்டாள் என்று என்னிடம் கேட்டார்.

"பீர் மட்டுந்தான்லா அக்கா," என்றேன்.

மறுபடி கேட்டார். நானும் மறுபடி அதையே சொன்னேன். யாரோ கொடுத்த மாத்திரைகளை அவள் என் கண்முன்னேதான் விழுங்கியிருந்தாள். மீதி அட்டை அவள் பையில் இருந்தது. சொல்லிவிட்டால் அவள் படிப்பு என்னாகும், அவள் அம்மா என்னாவார் என்று மனம் ஓடியது. என்னை நினைத்தும் பயந்தேன். அதை இப்போது மறைப்பானேன்?

"போலீஸ் வருவாங்களா?" என்று கேட்டேன்.

வர மாட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

"வரலாம். எனக்குத் தெரியாது. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா அவ என்ன சாப்பிட்டான்னு இப்ப உனக்கு மட்டும்தான் தெரியும்."

அடுத்த மூச்சு வரவில்லை. நான் பையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதிலிருந்த மருந்தின் பெயரைப் போனில் படித்துவிட்டு, மறுமுனையில் இருந்தவர் சொல்லச் சொல்ல அவளை மல்லாக்கப் புரட்டி மார்பை அழுத்தத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

தோழி பிழைத்துக்கொண்டாள். அவள்மீது விசாரணை வந்தது, பிறகு மாதக்கணக்கில் கண்காணிப்பு, சிறுநீர்ப் பரிசோதனை. படிப்பு பாதியில் நின்றது. நான் அழைக்க முடியாதபடி என் எண்ணைத் தன் போனில் தடுத்துவிட்டாள். அவள் அம்மா, மீனும் காய்கறியும் விற்கும் ஈரச் சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா மட்டும் வாரம் தவறாமல் அவள் வீட்டு வாசலுக்குப் போனார். கதவு திறக்காது, உள்ளேயிருந்து வசவு வரும். எதற்குப் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"திட்டுறாளே. உயிரோட இருக்கான்னு தெரியுதுல்ல," என்றார்.

பல மாதங்கள் கழித்து அந்தக் கதவு திறந்ததாம். உள்ளே என்ன பேசினார்கள் என்று அக்கா என்னிடம் சொல்லவே இல்லை. பின்பு அவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் தோழி என்னை அழைத்தாள். அவள் இப்போது தெம்பனிஸில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு காப்பிக்கடையில் சந்தித்தோம்.

"நீ சொல்லலன்னா நான் இல்ல. தெரியும்," என்றாள். "ஆனா நீ அந்த அட்டையக் குடுத்தத நெனச்சா இன்னும் கோவம் வருது."

வரட்டும் என்றேன்.

அக்காவின் எண் இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன். அங்கேயே அழைத்தாள். மணி அடிக்க அடிக்க, மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்தன. மறுமுனையில் குரல் கேட்டதும் தன் பெயரைச் சொன்னாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. போனை என்னிடம் நீட்டாமல், காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.