அப்பாவுக்கு என்ன வேலை

ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. அப்பாவுக்கு எங்கே வேலை என்று யாராவது கேட்டால் "ஃபேக்டரி" என்று சொல்லலாம். உள்ளே என்ன செய்கிறார் என்று கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது. ராணுவத்துக்குச் சாமான் செய்கிற இடம். மற்ற அப்பாக்கள் வீட்டுக்குள் அப்படி இப்படி எதையாவது உளறிவிடுவார்கள். என் அப்பா அம்மாவிடம்கூட மூச்சு விட்டதில்லை. காக்கிச் சட்டையோடு போவார், காக்கிச் சட்டையோடு வருவார்.

எண்பதுகளின் கடைசியில் அவர் ரிட்டையர் ஆகச் சில மாதங்களே இருந்தன. ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாடகை வீட்டுக்குப் போனால் என் சம்பளமும் இருந்தால்தான் சமாளிக்க முடியும். எனக்கோ டைப்ரைட்டிங் ஹையர் பாஸானதைத் தவிர வேறு தகுதி கிடையாது. அந்த நேரத்தில்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது.

ஜெனரல் மேனேஜர் நான் டைப் அடித்த தாளைப் பார்த்துத் தலையாட்டினார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா என்ன பண்றாரு?"

"ஃபேக்டரியில வேலை சார்."

"எந்த செக்‌ஷன்?"

"சொல்லக் கூடாது சார்."

அவர் சிரித்தார். "அங்க நட்டு போல்ட்டு சப்ளை பண்றதே நாங்கதாம்மா. சும்மா சொல்லு."

தெரிந்தால்தானே சொல்வதற்கு? பெற்ற அப்பாவுக்கு என்ன வேலை என்று தெரியாது என்பதைக் கல்யாண வயதில் இருக்கிற பெண் எந்த முகத்தோடு சொல்வாள்? வாய்க்கு வந்ததை அடித்துவிட்டிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் எனக்கு என்றைக்கு இருந்தது? "சொல்லக் கூடாது சார்" என்று கிளிப்பிள்ளை மாதிரி மறுபடியும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "சொல்லி அனுப்பறோம்" என்று மணியை அடித்தார். சொல்லி அனுப்புகிற லட்சணம் எனக்குத் தெரியாதா?

நடந்ததைக் கேட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா பூந்தமல்லிக்காரி. "ஊடு காலி பண்ணா எங்க போறது? எதுனா ஒண்ணு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடி!" அப்பா சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார், கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இந்த மனுஷனின் ஊமைத்தனத்தால் கைக்கு வந்த வேலை போயிற்றே என்று அவரோடு பேசாமலே இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனி பியூன் சைக்கிளில் வந்து நின்றார். "மேனேஜரு உன்ன கையோட இட்டாரச் சொன்னாரும்மா" என்றார்.

"திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோ" என்றார் ஜெனரல் மேனேஜர். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்கப்பா வந்திருந்தாரும்மா. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறாராமே! இதுக்கா அன்னிக்கு அந்த முழி முழிச்ச?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிய மனைவியிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாததை, முன்பின் தெரியாத இந்த ஆளின் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறார், எனக்காக. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"வேலை கிடைச்சிருச்சுப்பா."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன்.