வெள்ளைச்சாமி காட்டாத இடம்

என் அப்பா வெள்ளைச்சாமி நெய்வேலிச் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். போன மாசியில் இறந்தார். அவர் நிலக்கரி வெட்டினார் என்றுதான் ஊரில் பலர் இன்றும் நினைக்கிறார்கள். அப்பா அதை ஆரம்பத்திலேயே திருத்தவில்லை. அவருடைய சிநேகிதர் மாடசாமி மாமாதான் காரணம்.

இருவரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. மாமா ஊரிலேயே விவசாயம் பார்த்தார். எண்பத்து மூன்று வைகாசியில் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அந்தப் பக்கம் மழை இல்லை. அவருடைய கிணறு வற்றியது. கடன் வாங்கி ஆழப்படுத்தினார். அதுவும் வற்றியது. மாடுகளை விற்றுவிட்டார். எல்லாம் அப்பாவுக்குத் தெரியும்.

அப்பாவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு மேலே வரும். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் இரவும் பகலும் பம்புகள் ஓட வேண்டும், ஒவ்வொரு ஷிப்டிலும் ஆள் நிற்க வேண்டும். அப்பா நின்றார். வெளியே வருவது நல்ல தண்ணீர். ஊரில் ஒரு குடத்துக்கு அடிதடி நடக்கும்போது, இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு அதை வெளியே தள்ளுகிறேன் என்று சிநேகிதனிடம் எப்படிச் சொல்வது? கடிதங்களில் ‘மைன்ஸில் வேலை’ என்று மட்டும் எழுதினார். மாமா வரும்போது பம்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அம்மாவிடமும் என்னிடமும் சொல்லி வைத்தார்.

ஆனால் குழாய் வாயை மூடவில்லை. கோடையில் குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் சுடச்சுட வரும். சூடு போகட்டும் என்று திறந்து விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது எங்கள் பிளாக்கில் எல்லாப் பெண்களின் பழக்கம். அம்மாவும் அப்படித்தான் திறந்து விட்டாள். மாமா எழுந்து போய் மூடினார். அம்மா மறுபடி திறந்தாள். அவர் மறுபடி மூடினார். சூடு போகத்தான் என்று அம்மா சொன்னதும் தலையாட்டிவிட்டு, ஒரு வாளியைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தார். அது நிறைந்ததும் அண்டா. பிறகு குடங்கள். காலையில் வீட்டில் இட்லிக்கு உளுந்து ஊறப்போடக்கூட ஒரு காலிப் பாத்திரம் இல்லை.

அப்பா அந்தப் பாத்திரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுக்களைக்கு வந்து, மார்க்கெட், பள்ளிக்கூடம், சுரங்கம், அதோடு சரி, பம்ப் பக்கம் கூட்டிப்போக மாட்டேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

“தண்ணிய என்ன, திருடியா வித்தீங்க?” என்றாள் அம்மா.

“நாளைக்கு நான் அவன் மூஞ்சில முழிக்க வேணாமா, தமயந்தி?”

சைக்கிளில் மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அப்பா கிளம்பினார். சாலையோர மரங்களைக் காட்டினார். எல்லா வீடும் ஒரே மாதிரி இருப்பதைக் காட்டினார். குடித்துவிட்டு வருகிறவன் வீடு மாறிப் போய்விட மாட்டானா என்று மாமா கேட்டிருக்கிறார். போவதுண்டு என்றாராம் அப்பா. பார்வை மேடையிலிருந்து சுரங்கத்தைக் காட்டினார். கீழே, ஒரு இயந்திரத்தின் வீட்டைவிடப் பெரிய சக்கரம் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. நீ எங்கே உட்காருவாய் என்று மாமா கேட்க, அப்பா பொதுவாகக் கையை நீட்டி வைத்தார்.

அந்த நேரத்தில் பன்னீர்செல்வம் அங்கே வந்தார். அப்பாவோடு வேலை செய்பவர், நெய்வேலிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர்.

“என்னாண்ணே, லீவு போட்டுக்கினு இங்கயே சுத்திக்கினு இருக்கீங்க? பம்பு ஹவுஸ விட்டு ஒரு நாள் இருக்க முடியலீங்களா?”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா சைக்கிள் பூட்டை ஆராய்ந்துகொண்டு நின்றார்.

“என்ன பம்புடா?” என்றார் மாமா.

“தண்ணி பம்பு. நான் கரி வெட்டல. தண்ணி எறைக்கிறேன்.”

“காட்டு.”

அன்று நடந்ததில் இதற்கு மேல் அப்பா எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. கருமாதிக்கு வந்தபோது மாமாதான் சொன்னார்.

ஆள் குனியாமல் நுழையக்கூடிய குழாய்களிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்ததாம். மாமா கரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார். கையை விட்டுப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். அப்பா நாலடி தள்ளியே நின்று, அழுத்தம், தரை, உள்ளே இருக்கும் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். மாமாவுக்கு அதில் பாதி காதில் விழவில்லை. தன் கிணற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். வயிறு எரிந்தது, பொய் சொல்லக் கூடாது என்றார் என்னிடம். ஆனால் திரும்பிப் பார்த்தபோது, அடி வாங்க நிற்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அப்பா நின்றிருக்கிறார்.

“இம்புட்டுத் தண்ணியும் எங்கிட்டுடா போகுது?”

“சேத்தியாத்தோப்புப் பக்கம் வயலுக்குப் போகுதுன்னு சொல்றாங்க.”

“நீ பாத்ததில்ல?”

“இல்ல.”

“கூறுகெட்ட பயலே, தண்ணிய விட்டவன் கடைமடை வரைக்கும் போய்ப் பாக்க வேணாமா? சம்சாரி மகன்தான நீயி?”

எங்கள் ஊரில் சம்சாரி என்றால் விவசாயி; அவனுக்கு அது எழுதாத சட்டம். மோட்டாரைப் போட்டவன் வாய்க்காலோடு நடந்து, கடைசிப் பாத்தி நனைவதைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவான். அப்பா இத்தனை வருடம் தண்ணீர் இறைத்திருக்கிறார். ஒரு நாளும் நடந்து பார்த்ததில்லை. நான் நீரியல் படித்தவன். குழாயின் வாய் வரைதான் எங்கள் கணக்கும் போகும்.

மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் வரவில்லை. வடலூர் போய், பஸ் மாறி, சேத்தியாத்தோப்புக்கு முன்னால் இறங்கி, விசாரித்து விசாரித்து வாய்க்காலைப் பிடித்திருக்கிறார்கள். சுற்றிலும் சேறு உழுது கிடந்தது. நாற்று நடவுக்காகச் சிங்காரவேல் என்கிற விவசாயி தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மாமா தெரியாதவர் போலக் கேட்டார். மைன்ஸ் தண்ணீர் என்றார் அவர்.

மாமா அப்பாவின் தோளில் கை போட்டார். “அனுப்புறது இவருதாங்க.”

சிங்காரவேல் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். “அப்பிடீங்களா? மேல்மடைக்காரங்க ராவோட ராவா தண்ணிய திருப்பிக்கிறாங்க. கொஞ்சம் கூடுதலா அனுப்புனீங்கன்னா நல்லாருக்கும்.”

பார்க்கிறேன் என்று அப்பா நிஜமாகவே சொல்லிவிட்டார். மற்ற இருவரும் சிரித்த பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்ததாம்.

மாமா மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு வெட்டில் மடையைத் திறந்து, அடுத்த வெட்டில் பழைய மடையை அடைத்தார். தண்ணீர் திரும்பி அடுத்த வயலுக்குள் ஓடியது. இரண்டு வருடமாக அந்தக் கை அதைச் செய்யவில்லை.

“எனக்கு அழுகை வந்துருச்சு. உங்கப்பன் பாக்கக் கூடாதுன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்” என்றார்.

வரப்பில் ஒரு நண்டு வளை உடைந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. மாமா சத்தம் போடுவதற்குள் அப்பா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பேண்ட்டோடு இறங்கிக் குதிகாலால் அந்த இடத்தை மிதித்துக்கொண்டார். மாமா சேற்றை அள்ளிக்கொண்டு வந்து அடைக்கும்வரை காலை எடுக்கவில்லை.