அந்த மலை மாவட்டத்தில் காணாமல்போன ஒரு தாள்

1996 மழைக்காலத்தில், பர்மாவில் எங்கள் நகரத்தின் லத்தா பேட்டையில், ஒரு நடைபாதைக் கடையில் அமெரிக்க மலை மாவட்டம் ஒன்றைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். அமெரிக்காவுக்கு நான் போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை. அந்தப் புத்தகம் ஓர் இடத்தை எழுதியிருந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. முதலில் மலைகள், எந்த ஆறு எந்தப் பக்கம் வடிகிறது என்ற விவரம். பிறகு அங்கே முதலில் இருந்தவர்கள், அவர்களை விரட்டியவர்கள். அடுத்து வெள்ளிச் சுரங்கங்கள், அவற்றுக்காக வந்த ரயில். கடைசியில், ஏரியும் பனியும் பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் இன்றைய ஊர். வேலை முடிந்து தாமுவே பேட்டையில் இருந்த வீட்டுக்கு வந்ததும் தினம் ஒரு பக்கத்தைத் தமிழில் பெயர்த்துக் குறிப்பேட்டில் எழுதுவேன். ஓரத்தில் தேதி போடுவேன்.

113, 114ஆம் பக்கங்கள் இருந்த தாள் மட்டும் இல்லை. 112இன் கடைசி வரியில் வெள்ளி விலை சரிந்து சுரங்கங்களை மூடுகிறார்கள். 115இன் முதல் வரியில் பயணிகள் விடுதி திறக்கிறார்கள். நடுவில் அந்த ஜனங்கள் எதைத் தின்றார்கள்?

இந்த ஊரில் வாசித்துப் பழகிய எவரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். தணிக்கைக்காரர்கள் கிழித்துவிட்டார்கள். பத்திரிகையில் வெள்ளி மை பூசி மறைத்த வரிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தவர்கள் நாங்கள். பிழைப்புப் போன ஓர் ஊர் எப்படி உயிரோடு இருந்தது என்பது எங்களுக்குத் தெரியக் கூடாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார். அப்படியென்றால் அந்தத் தாள் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

அந்த மாவட்டத்து நூலகத்துக்கு, நகல் கேட்டுக் கடிதம் எழுதினேன். வெளிநாட்டுத் தபாலைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று என் மனைவிக்குப் பயம். அப்பா தமிழர், அம்மா பர்மியர், இங்கேயே பிறந்தவள்.

"போட்டாதாங் துறைமுகத்துல கப்பக்காரங்க யாராச்சும் இருப்பாங்க. குடுத்தா சிங்கப்பூர் போயி தபால்ல போட்டுடுவாங்க" என்றாள்.

"மலையைப் பத்திக் கேக்குறேன். ஒளிச்சு அனுப்பினா குத்தம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

"உங்க வீம்புக்கு உங்களைப் புடிச்சுட்டுப் போனா நான்ல ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணும்."

"நின்னா குடை எடுத்துட்டுப் போ."

முழு முகவரி எழுதித் தபாலில் போட்டேன். ஐந்து மாதம் கழித்துத் தணிக்கை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். அந்த நாளின் தேதி என் குறிப்பேட்டில் இருக்கிறது. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி என்னைவிட இளையவர். மேசையில் நூலகம் எனக்கு அனுப்பியிருந்த உறை பிரித்தபடி, அதன்மேல் நகலெடுத்த தாள். "ஊலே" என்றார். பெரியவர்களைப் பர்மியர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். "தாமுவேக்காரருக்கு அமெரிக்காக்காரன் ஆடு மேய்ச்ச கதை எதுக்கு?"

"என் புத்தகத்துல அந்தத் தாளைக் கிழிச்சிருக்காங்க, சயா" என்றேன். பர்மிய மொழியில் ஐயா.

"யாரு?"

"நீங்கதான்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா நின்றது. அதிகாரி புத்தகத்தை வாங்கி, கிழிந்த ஓரத்தை விரலால் தடவினார். பிறகு சிரித்தார்.

"இது எங்க வேலை இல்ல ஊலே. நாங்க ஸ்கேல் வச்சு பிளேடால அறுப்போம். இது எவனோ பலகாரம் மடிக்கக் கையால கிழிச்சது."

அவர் சொன்னது சரி. என் பிழையை அன்றே தேதியோடு குறித்துவைத்தேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை. இனி வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் தாளைத் தருவேன் என்றார்.

"உங்களைத் தப்பா நெனச்சதுக்கு மன்னிப்பு எழுதித் தர்றேன். லெட்டர் போட மாட்டேன்னு எழுத மாட்டேன்."

"அப்ப தாள் கெடையாது."

"வேணாம். இங்கேயே உக்காந்து படிச்சுக்கிறேன்."

அவர் குமாஸ்தாவைப் பார்த்தார். "படிக்கட்டும். படிச்சா எழுத்து தேஞ்சா போகும்?"

மூன்று முறை படித்தேன். சுரங்கம் மூடியதும் பாதிப் பேர் போய்விட்டார்கள். இருந்தவர்கள் சரிவுகளில் ஆடு மேய்த்தார்கள். சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுத்திருந்த மரங்களைப் பிடுங்கி வந்து பட்டி கட்டினார்கள். வெள்ளி ஏற்றிய ரயிலில் கம்பளி ஏற்றினார்கள். யாரும் வந்து காப்பாற்றுவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

மறந்துவிடக் கூடாதென்று வரிகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எழுத உட்கார்ந்தால், ஒரு வரியை முடிப்பதற்குள் அடுத்த வரி நழுவியது. மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "சொல்லுங்க, நான் எழுதுறேன்."

அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, பர்மிய எழுத்தில் அப்படியே எழுதினாள். கம்பளி வந்ததும் நிறுத்தி, "அந்தக் குளிர்ல ஆட்டுக்கு முடியை வெட்டினா பாவம் இல்லையா?" என்று கேட்டாள். புத்தகத்தில் அது இல்லை என்றேன்.

தாளைப் படித்துவிட்டேன் என்று நன்றி சொல்லி மறுவாரம் அந்த நூலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அதே தபால், அதே முழு முகவரி. தபால்தலையை அவள்தான் ஒட்டினாள்.