தாண்டிப் போன வாசல்

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த ஆளுக்கு ஒன்று என்று நிவாரணப் பொதி வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. அரிசி, மா, பருப்பு, டின் மீன் எல்லாம் இருக்கும். எங்கள் வீட்டில் பேர் பதிந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், கொழுந்தனார். கொழுந்தனார் பண்டாரவளை டவுனில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார், சாப்பாடும் அங்கேதான். எங்கள் மடுல்சீமைத் தோட்டத்தில் அவர் பேரை இன்னும் வெட்டவில்லை. அதனால் ஒரு பொதி மிச்சம்.

பக்கத்து வீட்டுக்காரி கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டிப் படுத்தவள். வேலைக்குப் போக முடியவில்லை என்று பேரை வெட்டிவிட்டார்கள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், பொதியும் இல்லை. இது என்ன நியாயமோ! எங்கள் மிச்சப் பொதியை மாதாமாதம் அவளிடம் கொடுத்தேன். "அங்க வெச்சிட்டுப் போங்கக்கா" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த நேரம் என் மகளுக்கு அம்மை போட்டது. குணமானால் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். அம்மை இறங்கி அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் சேலை உடுத்தி, மடியேந்தி வீடு வீடாகப் போனேன். பக்கத்து வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனேன். இல்லாதவளிடம் போய் எப்படிக் கேட்பது? நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், மடச்சி.

செவ்வாய்க்கிழமை பொதியைக் கொண்டுபோனபோது வாசலை மறித்து நின்றாள்.

"எங்க வீட்டு அரிசி சாமிக்கு ஆகாது. உங்க வீட்டு அரிசி மட்டும் எங்களுக்கு ஆகுமா? கொண்டு போங்க."

எனக்கு வந்ததே கோபம்! திமிர் பிடித்தவள், கிடக்கட்டும் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் அவளுடைய சின்ன மகள் நான் சோறு வடிக்கும்போது கதவோரம் வந்து நின்றாள். நான் கூப்பிடுவதற்குள் தாய்க்காரி வந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இரண்டு நாளாக அந்த வீட்டில் மரவள்ளிக் கிழங்குதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொங்கல். வியாழன் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு அவள் வாசலில் போய் நின்றேன். லயமே வேடிக்கை பார்த்தது.

"மடிப்பிச்சை போடு தாயி."

உள்ளே போனவள் உடனே வரவில்லை. வந்தபோது கையில் ஒரு பால்மா டின், அதில் பாதிக்கு அரிசி.

"ஏன்டி, இத வெச்சுக்கிட்டா புள்ளைங்களுக்குக் கெழங்கு அவிச்சுப் போட்ட?"

"நீங்க வருவீங்கன்னு சாமிக்கு எடுத்து வெச்சது. அத எப்படிக்கா ஒலையில போடுறது?"

டின்னை அப்படியே என் மடியில் கவிழ்த்தாள். வெட்கமாகப் போய்விட்டது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி நடந்தேன்.

"அக்கா," என்று கூப்பிட்டாள். "அந்தப் பொதிய இப்பவே கொண்டாறீங்களா? புள்ளைங்க பசியோட இருக்குதுங்க."