நூற்றுக்கு ஒன்று குறைவு

தலைமை நர்ஸ் அந்தப் பிரசவ வார்டுக்கு வேலைக்கு வந்த காலத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தரையில் நாலு பேர். ஐந்தாவது பிரசவத்துக்கு வந்து நிற்பவளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னொரு தடவை வயித்தைத் தள்ளிக்கிட்டு வா, உன் புருஷனைத்தான் இந்தக் கட்டில்ல படுக்க வைப்பேன்" என்று சத்தம் போடுவாள். அந்த வாய்க்குப் பயந்தே பாதி ஊர் இரண்டோடு நிறுத்திக்கொண்டது. மீதிப் பாதி, பெற்ற பிள்ளைகள் சாகாமல் பிழைத்ததால் நிறுத்திக்கொண்டது. அதற்கும் அவள்தான் காரணம். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள். மேலிடம் மெச்சி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அது மூன்றே மாதத்தில் நின்றுபோனது.

அதே மேலிடம் போன ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கடிதம் அனுப்பியது. வருஷத்துக்கு நூறு பிரசவமாவது நடக்காத வார்டு மூடப்படும். நாட்டில் குழந்தைகள் குறைந்துவிட்டார்களாம், பெருங்கவலையாம். பிள்ளை பெற ஆளைக் காணோம் என்று புலம்பிக்கொண்டே பிள்ளை பெறும் இடத்தைப் பூட்டுகிற புத்தி மேலிடத்துக்குத்தான் வரும்.

மூடினால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். "போதும்" என்று சொல்ல ஏறிய அதே படிகளில் ஏறி, "இன்னும் ஒண்ணு பெத்துக்கோயேன்" என்று கெஞ்சினாள்.

"எங்கம்மாவை நீங்க திட்டினது தெருவுக்கே தெரியும்க்கா" என்று சிரித்தாள் தையற்காரி. வங்கியில் வேலை பார்ப்பவள், "லீவு போட்டா என் நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்துடும்" என்றாள். புதிதாகக் கல்யாணமானவன் தன் ஒற்றை அறையைச் சுற்றிக் காட்டி, "எங்க படுக்க வைக்கிறது, அலமாரி மேலயா?" என்று கேட்டான். கடைசியில் பட்டணத்தில் இருக்கும் தன் மகளுக்கே போன் போட்டாள்.

"சோறு போடும்போதெல்லாம் வார்டுக் கதையா சொல்லி வளர்த்தியேம்மா, எனக்கு எப்படி ஆசை வரும்?" என்றாள் மகள். நர்ஸ் போனை வைத்தாள்.

ஆண்டின் கடைசி நாள் காலையில் எண்ணிக்கை தொண்ணூற்றொன்பது. ஊரில் நிறைமாதமாக இருந்தவள் ரொட்டிக்கடைக்காரன் மனைவி ஒருத்திதான். அவளுக்கும் நாள் இன்னும் ஐந்து இருந்தது.

"மருந்து ஏத்தி வலியை வரவழைச்சிடலாமே சிஸ்டர், இன்னைக்கே நூறு ஆயிடும்" என்றார் டாக்டர்.

நர்ஸுக்கும் கை பரபரத்தது. மருந்தை எடுத்து வைத்துவிட்டுப் பரிசோதித்துப் பார்த்தாள். உடம்பு இன்னும் தயாராகவில்லை. தயாராகாத உடம்பைப் படுத்தினால் என்னவாகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"வீட்டுக்குப் போய்ப் படும்மா" என்றாள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் வார்டைப் பூட்டினார்கள். கட்டில்கள் லாரியில் போயின. நாலாம் நாள் காலையில் ரொட்டிக்கடைக்காரன் மனைவிக்கு வலி எடுத்தது. நர்ஸும் கூடவே வேனில் ஏறினாள். பதிமூன்றாவது வளைவில் குழந்தை இனிக் காத்திருக்க மாட்டேன் என்றது. குலுங்குகிற வேனில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை, கொழுகொழுவென்று, ஊரைக் கூட்டுகிற தொண்டையோடு.

பெரிய ஆஸ்பத்திரி குமாஸ்தா பேனாவைத் திறந்தான். "எங்க பிறந்தது?"

"வழியில."

"அப்ப எங்க கணக்குல வராது. உங்க வார்டுல எழுதிக்குங்க."

"வார்டைத்தான் மூடிட்டீங்களே."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பிறக்கலைன்னு வச்சுக்குங்க" என்றான். குழந்தை வீறிட்டது. நர்ஸுக்கு அவனைப் பேனாவோடு தூக்கி எறியலாம் போலிருந்தது.

உள்ளே தாய் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதோட போதும்க்கா. இன்னொரு தடவை அந்த வண்டியில என்னால முடியாது."

முப்பது வருஷம் "போதும்" என்றும், ஒரு வருஷம் "போதாது" என்றும் ஓயாமல் பேசிய வாய் அது. நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரிம்மா" என்றாள்.