வெண்கலத்தில் அப்பாவின் பெயர்

என் அப்பா உயிரோடு மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோதே, அவர் செத்துப்போனார் என்று வெண்கலத்தில் எழுதி எங்கள் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடு அது. நடுவில் ஒரு பெண் நிற்கிறாள், அவள் காலடியில் ஒரு சிங்கம். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அப்பாவின் பெயர் புடைத்து நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எழுத்து விரலுக்குத் தட்டுப்படும். இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் அதைத் தடவும்போது, ஒன்பது வயதில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற அந்தக் காலை திரும்ப வந்து நிற்கிறது. பழகிப்போகும் என்று நினைத்தேன், பழகவில்லை.

பெயர் என்னவென்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அம்மா கடைசிவரை வாயால் சொல்லாத பெயரை நான் ஊருக்கெல்லாம் சொல்வதா என்று ஒரு தயக்கம். அப்பா, சித்தப்பா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சித்தப்பா என்றால் அப்பாவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் இருவரும் கொள்ளைநோயில் போய்விட, திருச்சிப் பக்கத்திலிருந்து அண்ணனும் தம்பியுமாகக் கப்பலேறி, மலைநாட்டில் பசறைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தவர்கள். அப்பா பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர். சித்தப்பா நேர் எதிர். என்னைப் 'பெரிய மனுஷி' என்றுதான் கூப்பிடுவார். அவரைப் பற்றித் தோட்டத்து ஆம்பளைகள் வாய்விட்டுச் சிரித்த ஒரு விஷயம் உண்டு. அம்மா மாசமாக இருந்த நாட்களில், கொழுந்து நிறைந்த கூடையை அவளிடமிருந்து பிடுங்கி, பொம்பளைகளைப் போலவே கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் இறங்கிப் போவார். ஆம்பளை எவனும் அப்படிச் சுமக்கமாட்டான். கேலி செய்தவர்களிடம், "பாரம் கழுத்துக்குப் போச்சுன்னா கை ரெண்டும் சும்மாயிருக்குமில்ல, அந்தக் கையால உன்னை ரெண்டு சாத்தலாம்" என்பார்.

எனக்கு ஆறு வயதாகும்போது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கிவர வலுவான ஆட்கள் வேண்டுமாம். பெரிய கங்காணி தோட்டத்துத் துரையிடம் நல்ல பெயர் வாங்கத் தன் ஆட்களில் ஒருவரைக் காட்டிவிட்டார். அவர் காட்டியது என் அப்பாவை. அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாசம். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அவள் அழவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காருதலைச் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

தோட்டத்தை விட்டுப் போகிறவனுக்கு ஆபீஸில் அவன் பெயரெழுதிய ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். துண்டு என்போம். அந்தத் துண்டு எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் அந்தப் பெயர்க்காரன். மூஞ்சியை யாரும் பார்ப்பதில்லை. அடுத்தவன் துண்டில் போனவர்களும் வந்தவர்களும் மலைநாட்டில் ஏராளம். அதை யாரும் தப்பாக நினைத்ததும் இல்லை. அப்பாவின் துண்டைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். கங்காணிக்கு ஒரு தலை கணக்கில் சேர்ந்தால் போதும், அது எந்தத் தலை என்று அவருக்குக் கவலையில்லை. அப்பா தடுத்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். வாசலில் நின்று சித்தப்பா சொன்னது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"உன் பேரை நான் கொண்டுபோறேன்ணே. என் பேரை அழுக்காக்காம வச்சிரு. வந்து வாங்கிக்கிறேன்."

மறுநாள் காலைப் பெரட்டில் அப்பாவின் பெயரைக் கூப்பிடவில்லை. அந்தப் பெயர்க்காரன்தான் பட்டாளத்துக்குப் போய்விட்டானே. சித்தப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா மறந்துபோய் நின்றுகொண்டிருக்க, பின்னாலிருந்தவர் முதுகில் தட்டி, "உன்னைத்தான்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தாராம். அன்றிலிருந்து தினமும் தம்பியின் பெயருக்கு அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பசறைச் சந்தைக்குப் போனால்கூட அந்தப் பெயர்தான். இரவல் வாங்கிய வேட்டியை உடுத்துவது போலக் கவனமாக நடந்துகொண்டார். அந்தப் பெயரில் யாரோடும் ஒரு வாய்ச்சண்டைகூடப் போடவில்லை. சித்தப்பாவிடமிருந்து யாரோ எழுதிக்கொடுத்த இரண்டு கடிதங்கள் வந்தன. மணலும் வெயிலும் ஈச்சமரமும் உள்ள ஊராம். இரண்டிலும் கடைசி வரி ஒன்றே: அண்ணன் என் பேரை அழுக்காக்காமல் வைத்திருக்கிறாரா?

இரண்டாவது கடிதம் வந்த மழைக்காலம் முடியுமுன்பே, ஆபீஸ் கணக்கப்பிள்ளை சப்பாத்துப் போட்ட காலோடு, தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்கு வந்தார். அவர் லயத்துக்குள் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி போயிட்டான்ய்யா" என்றார். அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா தூக்கி விளையாடவேண்டிய என் தம்பிப் பயல் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். உடம்பில்லாமலே காரியம் செய்தோம். அழுது முடித்தோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சண்டை ஓய்ந்து, எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, பதுளையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். காலைப் பெரட்டு முடிந்தும் யாரையும் மலைக்கு அனுப்பவில்லை. மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்திருந்தார்கள். எங்கள் சித்தப்பாவுக்கு மரியாதை செய்யப் போகிறார்கள் என்று அம்மா எனக்கு எண்ணெய் தடவிச் சடை போட்டிருந்தாள். துரை ஒரு காகிதத்தைப் படிக்க, கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார். இந்தத் தோட்டத்தைச் சேர்ந்த இன்னார், சக்கரவர்த்தியின் பட்டாளத்தில் வீரமரணம் அடைந்தார் என்று தொடங்கினார். அந்த இன்னார் என்ற இடத்தில் அவர் உரக்கச் சொன்னது என் அப்பாவின் பெயர்.

என் பக்கத்தில்தான் அப்பா நின்றுகொண்டிருந்தார். பெயர் மாற்றம் எனக்குத் தெரியாததல்ல, லயமே அறிந்த விஷயம்தான். ஆனால் அந்தப் பெயரோடு சாவும் சேர்ந்து திரும்பிவரும் என்று எங்களில் ஒருவரும் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தேன். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்களே. கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. செத்தவருக்கு இரத்தம் வருமா என்று யோசித்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் கை தாலியை இறுக்கிப் பிடித்திருந்தது. அது என் புருஷன் பெயர் என்று சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை. அவர் பெயரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை.

கணக்கப்பிள்ளை நிறுத்தாமல் படித்தார். ஆற்றங்கரையில் குண்டு மழை பொழிந்துகொண்டிருக்க, டோலி தூக்க வேண்டிய மற்றவர்கள் எல்லாம் விழுந்துவிட்டார்களாம். இவர் ஒருவராகவே போய், அடிபட்டவனை முதுகில் போட்டு, கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தரையைப் பிடித்துத் தவழ்ந்து கொண்டுவந்தாராம். இதுவரை யாரும் கண்டிராத விதமாக, என்று காகிதத்தில் எழுதியிருந்ததாம். மூன்று பேரை அப்படிக் காப்பாற்றினார். நாலாவது ஆளுக்காகப் போனவர் திரும்பவில்லை.

பொம்பளைகள் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரும் கண்டிராத விதமா? அவர்கள் தினமும் சுமக்கிற விதம்தானே அது. முன்வரிசையில் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பெயர் அண்ணனுடையது, ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த ஆள் எங்கள் சித்தப்பா என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, துரையையும் அதிகாரியையும் தவிர.

பிறகு, பட்டாளத்துக் கணக்கில் வாரிசாக எழுதியிருந்த, இறந்தவரின் தம்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சித்தப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று வருஷமாக ஒவ்வொரு விடியலிலும் அந்தப் பெயருக்குப் பதில் சொன்னவர் என் அப்பா. அன்று வாய் திறக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். கங்காணியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பியின் பெயர் தம்பிக்குப் போய்ச் சேரும். கூடவே, பொய்ப் பெயரில் பட்டாளத்தில் சேர்ந்தவன் என்ற பட்டமும் போய்ச் சேரும். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அப்பா, "வந்தேனுங்க" என்றார். என் கையை விட்டுவிட்டு நடந்தார்.

பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். துரை ஏதோ சொல்ல, கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே, "உன் அண்ணன் பெரிய வீரன்னு துரை சொல்றாரு" என்றார்.

"ஆமாங்க," என்றார் அப்பா. "தம்பியும் பெரிய வீரன்தானுங்க."

கணக்கப்பிள்ளை அதை இங்கிலீஷில் சொன்னதும் துரை வாய்விட்டுச் சிரித்தார். தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறான் என்று நினைத்திருப்பார். அதிகாரியும் சிரித்தார். எதிரே நின்ற அத்தனை சனத்தில் ஒரு சிரிப்பில்லை. எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஆனால் யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று அம்மா அன்று முழுக்கக் கேட்டாள். அப்பா ஒரே தடவைதான் பதில் சொன்னார். "மூணு உசிரைக் காப்பாத்துனவனைக் களவாணின்னு நானே எழுதிக் குடுக்கவா?" பெட்டியில் பதக்கமும் இருந்தது. அதை அம்மா சித்தப்பாவின் பழைய சட்டையில் சுற்றி வைத்தாள். தகட்டை மட்டும் அரிசிப் பெட்டிக்கு மேலே குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பெயர் பெட்டியின் மரத்தைப் பார்த்துக் கிடந்தது. கைபட்டு அது புரண்டுவிட்டால் பதறிப்போய்த் திரும்பக் கவிழ்ப்பாள்.

அப்பா இன்னும் எட்டு வருஷம் இருந்தார். அந்த எட்டு வருஷமும் அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. தோட்டத்துக்கு அவர் அவருடைய தம்பி. அம்மாவுக்கு 'இந்தாங்க'. எங்களுக்கு அப்பா. அண்ணே என்று கூப்பிட இருந்த ஒரே ஒருவரும் ஈச்சமரத்து ஊரில் மண்ணாகிவிட்டார். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர், அரிசிப் பெட்டிமேல் குப்புறக் கிடந்த தகட்டைத் தவிர இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

மழையில் நனைந்து நெஞ்சுச்சளி கட்டி அப்பா போனபோது நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன டீச்சர். சாவைப் பதிய நான்தான் போனேன். பெயர் கேட்டார்கள். சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். சித்தப்பா பாலைவனத்தில் அப்பாவாகச் செத்தார். அப்பா பசறையில் சித்தப்பாவாகச் செத்தார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபின், அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. அரிசிப் பெட்டியைக் காட்டி, "அந்தத் தட்டை எடு" என்றாள். எடுத்தேன். "நீ இங்கிலீசு எழுத்துப் படிச்சவதானே. அதுல இருக்கிற பேரைச் சத்தமாப் படி."

படித்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் ஒலிக்காத பெயர் என் வாயிலிருந்து வந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை படித்ததும் கையை நீட்டித் தகட்டை வாங்கி, விளக்குக்குப் பக்கத்தில் பெயர் தெரியும்படி நிமிர்த்தி வைத்தாள்.

"இருக்கட்டும். இப்பத்தான் அது நெசம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள். தகடு இப்போது என் வீட்டில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் கவிழ்ப்பதில்லை.